ஆவாரம்பூப் பெரியப்பா

மும்பை தாராவியின் லேபர் கேம்பில் எங்கள் சந்துக்குள் வெயில் இறங்குவதே அபூர்வம். வெயில் விழும் இடம் தகரக்கூரை ஒன்றுதான். பெரியப்பாவின் தோட்டம் அங்கேதான் இருந்தது, பெயின்ட் டப்பாக்களிலும் எண்ணெய் டின்களிலும். ரத்த உறவு இல்லை; சந்து முழுவதற்கும் அவர் பெரியப்பா.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீரில் கை கறுத்த தலைமுறை அது. பாந்திரா கசாப்புக்கூடம் 1971-ல் தேவனாருக்குப் போனபின் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை போன பிறகு ஊருக்குப் போனவர், ஆவாரங்காய்களைத் துண்டில் முடிந்து ரயிலேறினார். "அம்புட்டுப் பட்டையையும் ஊறப் போட்டாச்சு, இனி அது பூக்கதையும் பாக்கணும்லா" என்பார்.

ஆவாரையோடு தும்பை, தூதுவளை, நொச்சி, ஆடாதோடை, எருக்கு எல்லாம் சேர்ந்தன. சளி பிடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மாமார் அவரிடம்தான் வருவார்கள். தூதுவளை கிள்ளிக் கொடுப்பார். ஆனால் மருந்துக்காக மட்டும் அவர் செடி வளர்த்ததாகச் சொன்னால் அவரைப் பாதிதான் சொன்னதாகும். ஆவாரை இலையில் பச்சைப் புழு மேய்ந்தபோது பக்கத்து வீட்டு அண்ணன் மருந்தடிக்க வந்தார். பெரியப்பா குறுக்கே நின்றுவிட்டார். "புழு திங்காத செடி எதுக்குய்யா? பிளாஸ்டிக்குல வாங்கி வச்சுக்க." கொஞ்ச நாளில் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் தகரத்தின் மேல் பறந்தன. எருக்கில் வெந்தய வரியன் முட்டையிட்டது. செடியும் பூச்சியும் காலங்காலமாகப் பழகி ஒன்றையொன்று சார்ந்துபோன கணக்கை, படிக்காத அந்த மனிதர் கூரையில் வைத்தே எங்களுக்குக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் நான் அதைப் படிக்கவில்லை.

ரயில் பாதைக்கு அந்தப்பக்கம், மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் பெரிய மரங்கள் உண்டு. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொஹர் மே மாதத்தில் சிவந்து நிற்கும். அதன் அழகை அவரும் மறுத்ததில்லை. தென்னமெரிக்கத் தூங்குமூஞ்சி மரங்கள் மாவுப்பூச்சி தாக்கி நகரமெங்கும் நூற்றுக்கணக்கில் பட்டுப்போனபோது வருத்தப்பட்டார். அந்த இடத்தில் வேம்பும் புங்கையும் வைக்கலாமே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். நியாயமான கேள்வி என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை மாஹிம் நேச்சர் பார்க்குக்குக் கூட்டிப்போவார். மித்தி ஆற்றோரம், சுமார் 37 ஏக்கர். நகரத்துக் குப்பை அங்கே மலையாகக் கிடந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். குப்பை கொட்டுவது நின்றபின், அதன்மேல் மண் பரப்பினார்கள்; 1983-ல் பறவையியலாளர் சாலிம் அலி முதல் கன்றை நட்டார். 1994-ல் பூங்காவாகத் திறந்தார்கள். அதற்குள் சாலிம் அலி காலமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஒருபக்கம் தாராவி, மறுபக்கம் பாந்திரா-குர்லா கண்ணாடிக் கட்டடங்கள், நடுவே பறவைகள் அடையும் ஒரு காடு. அங்கே பெரியப்பா ஒவ்வொரு மரத்தையும் தொட்டுத் தமிழ்ப்பெயர் சொல்லுவார். தோட்டக்கார மாலிகள் மராத்தியில் சொல்லுவார்கள். அவருக்கு வாய்த்த சபை அதுதான். குப்பைமேட்டில் காடு வருமென்றால் டால்டா டின்னில் ஆவாரை வராதா என்பது அவர் வாதம். அவர் சொன்னது நடந்தது. எங்கள் சந்தில் இப்போது பல கூரைகளில் ஆவாரை இருக்கிறது, எல்லாம் அவர் கொடுத்த விதையின் வழி வந்தவை.

அவர் போனபின் டின்களைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஆவாரங்காய்கள் முற்றும்போது கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறோம். விதைத்தோல் கடினம்; சிமென்ட் சுவரில் லேசாக உரசி, ஒரு ராத்திரி ஊறவைத்து, முதல் மழைக்கு முன் ஊன்ற வேண்டும். டின்னின் அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, செம்மண்ணோடு மணல் கலந்து வையுங்கள், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். நிழல் ஆகாது. புழு வந்தால் விட்டுவிடுங்கள்.