கைலாசபுரத்துப் பெரியப்பா

டெர்ரி பிராட்செட் படிச்சிருக்கீங்களா? தட்டையான ஒரு உலகம், அதை நாலு யானை சுமக்கும், யானைகளை ஒரு ஆமை சுமக்கும். (நமக்கு இது ஆச்சி சொன்ன கதை. வெள்ளைக்காரனுக்குப் புதுசு போல.) 1989ல் வந்த 'பிரமிட்ஸ்' நாவல்ல எகிப்து மாதிரி ஒரு நாடு வரும். பேரு ஜெலிபேபி. ஜெல் என்கிற நதியின் பிள்ளைன்னு அர்த்தம் சொல்லுவார் மனுஷன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தா ஜெல்லி பேபி! இங்கிலாந்துல குழந்தைங்க திங்கிற மிட்டாய். தமிழ்ல எழுதினா குட்டு உடனே உடைஞ்சிடுது, இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலுக்குள்ளதான் அது ஒளிஞ்சிருக்கு. ரத்தக்காட்டேரிகள் திரியற மலைநாட்டுக்கு அவர் வச்ச பேரு ஊபர்வால்ட். ஜெர்மன்ல 'காட்டுக்கு அப்பால்'. அதையே லத்தீன்ல சொன்னா டிரான்சில்வேனியா, டிராகுலா ஊரு.

நம்ம ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. சிம்புதேவனோட 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' (2010) ஞாபகம் இருக்கா? ஊர் பேரு உசாபுரம். அமெரிக்காவைச் சுருக்கி மூணு இங்கிலீஷ் எழுத்துல எழுதுவாங்களே, அதை அப்படியே சேர்த்து வாசிச்சா உசா. அங்க இருக்கிற வில்லன் கிழக்குக் கட்டை. ஈஸ்ட்வுட்டைப் பிரிச்சுத் தமிழ்ப்படுத்தியாச்சு. தியேட்டர்ல எத்தனை பேருக்குப் புரிஞ்சதோ.

ஆனா எனக்கு இந்த விளையாட்டுல மன்னன் புதுமைப்பித்தன்தான். அவர் பேரையே எடுத்துக்கோங்க. அப்பா அம்மா வச்ச பேரு விருத்தாசலம். அது ஒரு ஊர்ப்பேரு. விருத்தம்னா பழசு, அசலம்னா மலை. ஊரோட தமிழ்ப் பேரும் முதுகுன்றம்தான். 'பழைய மலை' தனக்குத்தானே வச்சுக்கிட்ட பேரு 'புதுமை'. கூடவே பித்தன்னு சிவன் பேரை வேற ஒட்டிக்கிட்டாரு. திட்டம் போட்டுச் செஞ்சாரான்னு தெரியாட்டியும், எனக்கு இது கண்ணுல பட்டப்புறம் மறக்க முடியலை.

1943ல் கலைமகள்ல வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. கதையில முதல் வார்த்தையே ஊர்ப்பேருதான். மேலகரம். பிள்ளைவாளோட இனிஷியல் மே.க.ரா. இதை ரொம்ப நாள் சாதாரண இனிஷியலாத்தான் வாசிச்சுக்கிட்டு இருந்தேன். சேர்த்து வாசிங்க: மேகரா. நடுவுல ஒரு 'ல', கடைசியில ஒரு 'ம்' வச்சு, காலை எடுத்துட்டா? மேலகரம்! ஆளு ஊரை ரெண்டு தடவை சுமந்துக்கிட்டு பிராட்வே முனையில நிக்கார்.

இன்னும் இருக்கு. எங்க பக்கம் 'மேல' என்றால் மேற்கு. அகரம் என்றால் பிராமணக் குடியிருப்பு. அவ்வளவுதான் அந்தப் பேருக்கு அர்த்தம். ஆனா முதல் குறள்ல கடவுளுக்கு உவமை எது? அகரம். இவரோ மேல்-அகரத்துக்காரர்! அதனாலதானோ என்னவோ, கடவுளையே தன் சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கட்ட வச்சிடறார். குற்றாலக் குறவஞ்சி பாடின திரிகூடராசப்பக் கவிராயரும் அதே மேலகரம்தான். மண்ணுல ஏதோ இருக்கு.

கடவுள் வந்து முதல்ல வழி கேட்கறது திருவல்லிக்கேணிக்கு. கழுத்துல கறுப்பு உள்ள சிவன் பார்த்தசாரதி பெருமாள் ஊருக்கு வழி கேட்கார்! சரி, போகட்டும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா என்னன்னு அறிமுகப்படுத்துறது? கடவுள்னு சொன்னா நடக்குமா? கைலாசபுரத்துப் பெரியப்பான்னு சொல்லிடறார் பிள்ளை. பொய்யும் இல்ல, முழு நிஜமும் இல்ல.

கோயம்புத்தூர் நண்பன் ஒருத்தன் இந்த இடத்துல கைலாசத்தோட ஒரு புரம் சேர்த்து ஆசிரியர் கற்பனையா வச்ச பேருன்னு நினைச்சுச் சிரிச்சான். அட, கைலாசபுரம் எங்க திருநெல்வேலி ஜங்ஷன்லயே இருக்குவே! ஆத்தங்கரைப் பக்கம். பிராட்செட் மிட்டாயை மறைக்க ஒரு நாட்டையே உண்டாக்கணும். இவருக்கு அந்தச் சிரமமே இல்ல, ஆத்தோரம் நடந்தாப் போதும். தாமிரபரணிக் கரையில நவகைலாயம்னு ஒன்பது சிவன் கோயில். வைகுண்டம் வேணுமா? திருச்செந்தூர் ரயில்ல டிக்கெட் எடுத்தா ஸ்ரீவைகுண்டத்துல இறங்கிக்கலாம். அந்த ஒன்பது கைலாயத்துல ஒண்ணு ஸ்ரீவைகுண்டத்துக்குள்ளேயே இருக்கு! எந்தக் கதாசிரியனும் இப்படி எழுதத் துணிய மாட்டான்.

போன லீவுக்குச் சென்னையிலேருந்து வந்த தங்கச்சி மகளுக்கு இந்தக் கதையை வாசிச்சுக் காட்டினேன். "ஊர்ப் பேரை எதுக்கு மாமா இனிஷியல்ல போடணும்?"னு கேட்டா. விளக்கினேன். மேலகரம், ஜங்ஷன், கைலாசபுரம் எல்லாம் விளக்கினேன். மரியாதைக்குச் சிரிச்சா, பாவம். விளக்கின ஜோக்கு ஆறிப்போன அல்வா மாதிரி, நெய் உறைஞ்சு நாக்குல ஒட்டுது. மேலகரமே இப்ப நெல்லை மாவட்டத்துல இல்ல, 2019ல் பிரிச்ச தென்காசி மாவட்டத்துக்குப் போயிடுச்சு. இன்னும் ஒரு தலைமுறை போனா அந்தப் பெரியப்பாவுக்குக் கைலாசம் மட்டும்தான் முகவரியா மிஞ்சும்.

வாசிச்சுக்கிட்டு இருக்கும்போது எங்க ஆச்சி பக்கத்துல வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்தா. பெரியப்பா வந்த இடத்துல உலக்கையை நிறுத்தினா.

"ஏலே, ஜங்ஷன் கைலாசபுரமா?"

"ஆமா ஆச்சி."

"எந்தத் தெருன்னு போட்டிருக்கான்? நமக்குத் தெரிஞ்சவுகளாத்தான் இருக்கும்."