ஓர் அடிக்கு ஓர் அங்குலம்

டெல்லியில் ராஷ்டிரபதி பவனை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ், இங்கிலாந்து அரசி மேரிக்காக 1921 முதல் 1924 வரை ஒரு பொம்மை வீட்டையும் கட்டுவித்தார் என்பதை அறிவீர்களா? ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பதே அதன் அளவு. குழாயில் தண்ணீர் வரும்படியும் மின்விளக்கு எரியும்படியும் அமைத்தார்கள். இன்றும் அது விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது.

அதே அளவில், விற்றுப்போன எங்கள் ஊர் வீட்டை நானும் அட்டையிலும் ஐஸ் குச்சியிலும் கட்டினேன். எட்டடித் திண்ணை எட்டங்குலமாயிற்று. ஓடுகளுக்கு நெளி அட்டையைக் கீறிச் செங்காவி பூசினேன். (போதகருக்கு இந்த வேலை எதற்கு என்று என் மனைவி கேட்டது நியாயமே.) டெல்லி வாடகை வீட்டில் எங்களோடிருக்கும் தாயார், ஊரை விட்டு வந்த நாள்முதல் அவ்வீட்டைக் குறித்து வாய் திறந்ததேயில்லை. அன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார்கள். பின்பு, “ஐயா, அடுப்படி ஜன்னல் கிழக்கேல்லா இருந்தது?” என்றார்கள்.

பெயர்த்து மாற்ற எனக்கு இரண்டு இரவுகள் ஆயின.