ஒரே ஊர், இரண்டு அளவுகோல்

மதத்துக்கும் வன்முறைக்கும் உள்ள உறவை ஆராய்வதும் கற்பிப்பதும் என் தொழில். நான் மட்டக்களப்புத் தமிழன், சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆய்வுக்கு இது தேவையில்லாத விவரம் என்று நம்பி, எந்தக் கட்டுரையிலும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பிறர் செய்த கொலைகளுக்கு அவர்களுடைய வேதத்தையும், என் சனம் செய்த கொலைகளுக்கு வரலாற்றையும் காரணமாகக் காட்டியே இத்தனை காலம் எழுதி வந்திருக்கிறேன்.

பழைய கட்டுரைகளைத் தொகுக்க உட்கார்ந்தபோது அவற்றின் சான்றுப் பட்டியல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். ஈஸ்டர் குண்டுதாரி சஹ்ரான் ஹாஷிம் பற்றிய கட்டுரையில் குர்ஆன் மொழிபெயர்ப்பு, ஹதீஸ் தொகுப்புகள், சையித் குதுப், வஹ்ஹாபியத்தின் வரலாறு. சிங்கள பௌத்த வன்முறை பற்றியதில் மகாவம்சம். போரில் கொன்றவர்களை நினைத்து வருந்திய துட்டகைமுனுவுக்குத் தேரர்கள் சொன்ன ஆறுதல். விடுதலைப் புலிகள் பற்றியதில் 1956இன் தனிச்சிங்களச் சட்டம், பல்கலைக்கழகத் தரப்படுத்தல், 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம், 1983 ஜூலைப் படுகொலைகள். ஒரு சமய நூல்கூட அதில் இல்லை.

ஒவ்வொரு பட்டியலிலும் இருந்தவை உண்மையானவை. இல்லாதவற்றில்தான் என் குற்றம் இருக்கிறது.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் மூன்று தேவாலயங்கள், கொழும்பில் மூன்று ஹோட்டல்கள் மீது தற்கொலைக் குண்டுத் தாக்குதல். 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் ஊர் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற பிள்ளைகள் செத்துப்போனார்கள். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான், மட்டக்களப்பிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள காத்தான்குடிக்காரன். அந்தக் கோபத்தில் எழுதினேன். அந்த ஊரின் பிரதான வீதியில் நட்டிருந்த பேரீச்ச மரங்களையும் கடைப்பலகைகளின் அரபு எழுத்துகளையும் குண்டுக்கு முன்னறிகுறிகள் போல வருணித்தேன். அந்தச் சமூகம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது என்றும் எழுதினேன்.

அது பொய். காத்தான்குடி முஸ்லிம்கள் சஹ்ரானைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டிருக்கிறார்கள். 2017 மார்ச்சில் அவனுடைய ஆட்கள் அதே ஊரின் சூஃபி வழியினரோடு மோதினார்கள். அதன் பிறகுதான் அவன் தலைமறைவானான். அவன் கையால் முதலில் அடிபட்டவர்கள் முஸ்லிம்கள். நான் எழுதும்போதே இவையெல்லாம் செய்திகளில் வந்துவிட்டன. நான் தேடவில்லை, தேட விரும்பவுமில்லை. அந்த மே மாதம் குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசல்களையும் கும்பல்கள் தாக்கின. அவர்கள் யாரும் என் கட்டுரையைப் படித்துவிட்டுப் புறப்படவில்லை. ஆனால் ‘அந்தச் சமூகமே இப்படித்தான்’ என்ற பேச்சுக்கு நானும் என் பங்கைப் படித்தவன் மொழியில் கொடுத்திருந்தேன்.

காத்தான்குடியைப் பற்றிய அந்த நீண்ட கட்டுரையில் 1990 இல்லை.

1990 ஆகஸ்ட் 3 இரவு. மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் பின்னாலிருந்து சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சிறுவர்களும் அவர்களில் உண்டு. இதை இயக்கம் செய்தது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். புலிகள் ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் தெரியும். நானும் அந்த மறுப்பின் நிழலில் ஒதுங்கிக்கொண்டேன். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம். வகுப்பில் யாராவது இதைக் கேட்டால் வீரமுனையைச் சொல்வேன். அதே ஆகஸ்டில் பிள்ளையார் கோவிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களை முஸ்லிம் ஊர்காவல் படையினர் கொன்றது உண்மை. ஆனால் நான் அதைச் சொன்னது வீரமுனையில் செத்தவர்களுக்காக அல்ல. கேள்வியை மூடுவதற்காக.

இன்னும் வெட்கப்படவேண்டியது, ராபர்ட் பேப்பை நான் பயன்படுத்திய விதம். 1980 முதல் 2003 வரை உலகில் நடந்த 315 தற்கொலைத் தாக்குதல்களைத் தொகுத்து ஆராய்ந்தவர் அவர். அவற்றில் 76 புலிகளுடையவை. மற்ற எந்த அமைப்பையும்விட அதிகம். மதம் சாராத இயக்கம் முதலிடத்தில் இருப்பதால் தற்கொலைத் தாக்குதலுக்கு மதம் காரணமல்ல என்று மாணவர்களிடம் அடித்துச் சொல்வேன். அதே நூலில் அவர், ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் இடையே மத வேறுபாடு இருந்தால் இந்த ஆபத்து கூடுகிறது என்றும், தமிழர் விஷயத்தில் பௌத்தத் தீவிரம் பற்றிய அச்சம் பெரிதாக வேலை செய்தது என்றும் வாதிடுகிறார். அந்தப் பாதியை நான் சொன்னதே இல்லை. தொகையைக் காட்டி வாதத்தை மறைத்தேன்.

மதம் சாராத இயக்கம் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடவும் முடியாது. மாவீரர் நாளான நவம்பர் 27 மாலையில் ஏற்றிய விளக்குகளை நானும் பார்த்திருக்கிறேன். உடலை எரிக்கும் வழக்கமுள்ள சைவக் குடும்பத்துப் பிள்ளைகளைத் துயிலும் இல்லத்தில் விதைத்தோம். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர்களிடம் இது கோவிலா என்று நான் கேட்டதில்லை. பீட்டர் ஷால்க் போன்றவர்கள் புலிகளின் தியாக வழிபாட்டைப் பற்றி எழுதியபோது வெளியாள் என்று தள்ளினேன். காத்தான்குடிக்கு நானும் வெளியாள்தான் என்பது அப்போது தோன்றவில்லை.

பௌத்தர்களுக்கும் இதையே செய்தேன். 1959இல் பிரதமர் பண்டாரநாயக்கவைச் சுட்டவர் ஒரு பிக்கு. சதியின் மூளையாக இருந்தவர் களனி விகாரைத் தலைவர் புத்தரக்கித்த. பௌத்தத் தீவிரவாதத்துக்கு உதாரணம் என்று இதை வகுப்பில் வைப்பேன். புத்தரக்கித்தவுக்குக் கப்பல் போக்குவரத்திலும் சீனி ஆலையிலும் இருந்த வியாபார ஆசைகளும், அவை நிறைவேறாத ஆத்திரமும் வழக்கில் வெளிவந்தவை. அவற்றைச் சொன்னால் உதாரணம் பலவீனப்படும் என்று விட்டுவிட்டேன்.

சஹ்ரான் ஓதிய குர்ஆனைத்தான் அவனை எதிர்த்து முறையிட்டவர்களும் ஓதினார்கள். 1983ஐத் தாங்கிய தமிழர்களில் பெரும்பாலானோர் யாரையும் சுடவில்லை. வேதமோ வரலாறோ தனியே நின்று ஒருவன் கையில் ஆயுதத்தைக் கொடுப்பதில்லை. யார் யாரை எந்த வீட்டில் சந்தித்தார், எந்த அண்ணன் எந்தத் தம்பியை அழைத்துப்போனான், பணம் எங்கிருந்து வந்தது, காவல்துறை எந்த முறைப்பாட்டைக் கிடப்பில் போட்டது என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளை எல்லோரிடமும் ஒரேபோலக் கேட்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. பிறருக்குக் கற்பித்த பாடம்.

சஹ்ரான் கட்டுரையைத் திருத்தி எழுதுகிறேன். காத்தான்குடி 1990 அதில் ஒரு காரணமாக வராது. சஹ்ரானின் கொலைகளுக்கு அதை நியாயமாக்குவது செத்த பிள்ளைகளுக்குச் செய்யும் இன்னொரு துரோகம். சுட்டது புலிகள் என்ற பெயரோடு, அந்த ஊருக்கு நடந்ததாக அது வரும். படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், இந்த நேரத்தில் இது எதற்கு, எங்களை நாங்களே காட்டிக்கொடுப்பதா என்று கேட்டார். எனக்கு உடனே வாயில் வந்தது வீரமுனைதான்.