வினாகிரியில் வெந்த பன்றிக்கறி

பன்றியின் தோள்பட்டைக் கறியை மணிக்கணக்கில் வேகவைத்து, நார்நாராகப் பிய்த்து, ரொட்டிக்குள் வைத்துத் தின்பது அமெரிக்கர்களின் பண்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதனால் இதை வீட்டில் செய்ய முனைகிறவர்கள் புட்டியில் வரும் புகைமணச் சாற்றையும் இனிப்பான பார்பெக்யூ சாஸையும் தேடிப் போகிறார்கள். கொச்சியின் மட்டாஞ்சேரியில் அடுப்பு மூட்டுகிறவருக்கு இரண்டுமே வேண்டியதில்லை என்பது என் வாதம். இங்கே வினாகிரி இருக்கிறது. மலையாளத்தில் அன்றாடம் புழங்கும் இந்தச் சொல் போர்த்துக்கீசியரின் 'வினாக்ரே'. 1500-இல் அவர்களுடைய கப்பல்தலைவர் கப்ரால் கொச்சிக்கு வந்ததிலிருந்து 1663-இல் டச்சுக்காரர்களிடம் கோட்டையைத் தோற்றது வரை அவர்கள் இங்கே இருந்ததன் மிச்சம். மதுவிலும் பூண்டிலும் பன்றிக்கறியை ஊறவைக்கும் அவர்களுடைய முறைதான் இங்கே விண்டாலு ஆயிற்று. பெயரில் 'ஆலு' என்று ஒலித்தாலும் உருளைக்கிழங்குக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. திராட்சை மது அரிதான இந்தக் கரையில் தென்னங்கள்ளைப் புளிக்கவிட்டு எடுத்த வினாகிரி அதன் வேலையைச் செய்தது. அதே முறை போர்ச்சுகலின் மதேய்ரா தீவில் இன்றும் இருக்கிறது. அங்கே கிறிஸ்துமஸ் காலத்தில் அந்தக் கறியை ரொட்டிக்கு நடுவில் வைத்தே சாப்பிடுகிறார்கள். ஆகவே விண்டாலுவை ரொட்டியில் வைப்பது யாரோ நேற்றுக் கண்டுபிடித்த கலப்படம் இல்லை. மட்டாஞ்சேரி முழுவதற்கும் உரிய உணவு இது என்று நான் சொல்லவில்லை. 1568-இல் எழுந்த யூதக் கோயிலைச் சுற்றியும், கச்சி மேமன்களும் கொங்கணிகளும் வாழும் தெருக்களிலும் பன்றிக்கறி அடுக்களைக்குள் வராத வீடுகள் ஏராளம். இது லத்தீன் கத்தோலிக்கர், ஆங்கிலோ-இந்தியர் வீட்டுச் சமையல். மிளகாயும் மிளகும் பூண்டும்தான் எல்லோருக்கும் பொதுவான கடைத்தெருவிலிருந்து வருகின்றன.

புகை இல்லாவிட்டால் அது அந்தப் பண்டமே இல்லை என்பார்கள். அமெரிக்காவிலேயே வடக்கு கரோலினாவின் கிழக்குப் பகுதியில் பிய்த்த கறிமீது ஊற்றுவது வினாகிரியும் மிளகாயும்தான், தக்காளி கிடையாது. அங்கே விறகின் புகையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கொழுப்பின் திகட்டலை அறுத்து அடுத்த வாயைக் கேட்க வைப்பது அந்தப் புளிப்பு. புகை மணம் கூட்டுகிறது, அவ்வளவே.

குக்கரில் முக்கால் மணியில் முடிவதற்கு எதற்கு ஐந்தாறு மணி நேரம் என்ற கேள்வி இதைவிட வலுவானது. தோள்பட்டை ஓயாமல் உழைக்கும் தசை. அதை இழுத்துக் கட்டியிருக்கும் சவ்வு, கறி 70 டிகிரியைத் தாண்டிய பிறகு மெல்ல மெல்லக் கூழாகிறது. 93 டிகிரியை எட்டும்போது கரண்டியால் அழுத்தினாலே நார் பிரியும். குக்கருக்குள் 120 டிகிரி இருப்பதால் சவ்வு விரைவாகக் கரைந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் மூடியைத் திறந்து பார்க்க வழியில்லை. பதத்துக்கும் குழைவுக்கும் நடுவே சில நிமிடங்களே இருக்கின்றன. அதைத் தவறவிட்டால் கிடைப்பது ஈரப் பஞ்சு. நீரும் வற்றாது, மேல்புறம் சிவக்கவும் சிவக்காது. அவசரத்துக்குக் குக்கர் உதவும். ஆனால் சாறு சுண்டுவதும் கறி சிவப்பதும்தான் ருசி என்பவர், கனத்த பாத்திரத்தை இறுக மூடி 135 டிகிரி ஓவனில் வைக்க வேண்டும், கடைசி அரைமணி மட்டும் மூடியை எடுத்துவிட வேண்டும். ஓவன் இல்லையென்றால் மிகச் சிறிய தீயும் அடிகனத்த பாத்திரமும் போதும். பன்றிக்கறியின் நாடாப்புழுவுக்கு அஞ்சுகிறவர்களின் அச்சம் நியாயமானது. கறிக்குள் இருக்கும் அதன் கட்டிகள் 60 டிகிரிக்கு மேல் பிழைப்பதில்லை. நம் பாத்திரம் அதை வெகுதூரம் கடந்துவிடுகிறது. கவனம் வேண்டிய இடம் வேறு: பச்சைக்கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயத்தை அரியக்கூடாது.

இனி வினாகிரி. இரண்டு கிலோ கறிக்கு 30 கிராம் உப்பு. அதோடு காஷ்மீரி மிளகாய், பூண்டு, மிளகு, சீரகம், கொஞ்சம் கடுகு ஆகியவற்றை வினாகிரி விட்டு அரைத்துப் பூசி ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். அந்த இரவில் உப்பு ஆழமாக இறங்கும். புளிப்பு மேற்பரப்பைத் தாண்டி அதிகம் போகாது. போன புளிப்பும் நெடுநேரக் கொதியில் ஆவியோடு மணத்தை இழந்து, அடங்கிய ருசியாக மட்டும் நிற்கும். ஆகையால் புளிப்பை இரண்டு தடவை சேர்க்க வேண்டும், அடுப்பேறும் முன் ஒரு பங்கு, பிய்த்த பிறகு ஒரு பங்கு. பலரும் இந்த இரண்டாம் பங்கை விட்டுவிட்டு, சுவை மந்தமாக இருக்கிறதென்று சாஸ் தேடுகிறார்கள். பாத்திரத்தில் தங்கிய சாற்றின்மேல் மிதக்கும் கொழுப்பில் பாதியை வழித்துவிட்டு, மிச்சத்தைச் சுண்டவைத்து, பிய்த்த கறியில் விட்டுப் பிசறி, இரண்டு மூன்று கரண்டி வினாகிரியைச் சேர்த்து வாயில் வைத்துப் பாருங்கள். இனிப்பில்லாமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஃபோர்ட் கொச்சி ரொட்டிக்கடைகள் பதில் வைத்திருக்கின்றன. டச்சுக்காரர்கள் விட்டுப்போன ப்ரூடர் ரொட்டியில் உலர்திராட்சையும் இதமான இனிப்பும் உண்டு. அதைத் துண்டு போட்டு, வழித்த கொழுப்பில் இரு புறமும் வாட்டி, நடுவில் கறியும் உப்பும் வினாகிரியும் பிசறிய வெங்காயமும் வைத்தால், சாஸில் தேடிய இனிப்பு ரொட்டியிலேயே கிடைத்துவிடுகிறது.