தாங்குகிறவர்களை யார் பார்ப்பது?

1989-இல் அமெரிக்காவில் டாட்ஜ் ராம் பிக்கப் வண்டிக்குள் கம்மின்ஸ் கம்பெனியின் 5.9 லிட்டர் டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்தார்கள். லாரிக்கும் பண்ணை வண்டிகளுக்கும் என்று வடிவமைத்த இன்ஜின் அது. ஆறு சிலிண்டர், பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கம்பெனி அதிலிருந்து கேட்டது 160 குதிரைத்திறன்தான். இவ்வளவு கெட்டியான சாமானைப் பந்தயப் பித்துள்ள பிள்ளைகள் சும்மா விடுவார்களா?

1994-இல் அந்த இன்ஜினுக்கு பாஷ் பி7100 பம்ப் வந்ததும் சக்தியை ஏற்றும் வேலை இன்னும் சுலபமாயிற்று. அந்தப் பம்ப்பில் டீசலின் அளவுக்கு வரம்பு கட்டும் சின்னத் தகடு ஒன்று உண்டு. அதை அரத்தால் ராவிவிட்டால் டீசல் தாராளமாகப் பாயும். காற்று போதாமல் வண்டி கரும்புகை கக்கும். அந்தப் புகையைப் பெருமையாக நினைப்பவர்கள் உண்டு. அத்தனையும் சரியாக எரியாமல் வீணாய்ப் போகும் டீசல், அதாவது காசு. காற்றுக்காகப் பெரிய டர்போ வைப்பார்கள். அதுவும் பற்றாவிட்டால், ஒரு டர்போ அழுத்திய காற்றை இன்னொன்று வாங்கி மேலும் அழுத்தும்படி இரண்டாக. பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் தொடாமலே சக்தி மும்மடங்காகிவிடும்.

முதலில் பழுதாவது பெரும்பாலும் கிராங்க்ஷாஃப்ட் மாதிரிப் பெரிய சாமான் இல்லை. ஹெட்டை இழுத்துப் பிடிக்கும் போல்ட்டுகள் அழுத்தம் தாங்காமல் துளி நீளும். ஹெட் மயிரிழை அளவு எழும்பும். கேஸ்கெட் வழியாக வாயு கசிந்து, ரேடியேட்டர் தண்ணீரை வெளியே தள்ளும். போல்ட்டை மாற்றி வலுவான ஸ்டட் போட்டால், அடுத்து கிளட்ச் வழுக்கும். வெளியேறும் புகையின் வெப்பம் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நெடுநேரம் நின்றால் அலுமினிய பிஸ்டனின் தலை உருகத் தொடங்கும்.

பெரிய பந்தயத்திலும் இதே கதைதான். 1952-இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் டர்போ பொருத்திய கம்மின்ஸ் டீசல் கார் தகுதிச் சுற்றில் எல்லோரையும் முந்தி முதலிடம் பிடித்தது. ஓட்டியவர் ஃப்ரெட் அகபாஷியன். பந்தயத்தன்று 71 சுற்றோடு நின்றுபோனது. டர்போவின் காற்று வாயில் டயர் துகள்கள் அடைத்துக்கொண்டன.

பந்தயக்காரர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. வெப்பமானியை முன்னால் மாட்டிக்கொண்டு, எது போகும் என்று தெரிந்தேதான் முறுக்குகிறார்கள். அதே முறுக்கை அன்றாடப் பிழைப்புக்கு வைப்பவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. இரவு பகலாக ஓடி மும்மடங்கு சம்பாதிக்கிறவர் பல நேரம் நன்றாகத்தான் இருக்கிறார். வீட்டை இத்தனை நாள் சத்தமில்லாமல் இறுக்கிப் பிடித்திருந்த மனைவியின் உடம்புதான் முதலில் விட்டுக்கொடுக்கிறது, அல்லது ஊரில் தனியாக இருக்கும் அம்மாவின் மனசு. இந்த வயதுக்குள் இப்படி எத்தனையோ வீடுகளைப் பார்த்தாயிற்று. வருமானம் ஏறும்போது யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்களாவது பாருங்கள், "எனக்கொன்றும் இல்லை" என்று அவர்கள் சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள்.

இன்ஜின் கதையும் அமெரிக்காவோடு முடியவில்லை. ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் செய்த அதே 5.9 இன்ஜின் நம் டாடா லாரிகளிலும் வந்தது. லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கூடுதல் பாரத்துக்காகப் பம்ப்பைத் திருகச் சொல்லாதீர்கள். டிரைவர் பாரத்தோடு மலையேறி வந்தால் உடனே இன்ஜினை அணைக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். ஆயில் நின்றுவிட்டால் சூட்டில் டர்போவின் பேரிங் கருகும். மூன்று நிமிடம் ஐடிலில் ஓடட்டும். அதற்குள் டிரைவரும் இறங்கி ஒரு டீ குடிக்கட்டும்.