வலியின்மை நலத்தின் சாட்சியன்று
என் சிறுநீரில் வலியின்றி இரத்தம் வந்து, தானாகவே நின்றுவிட்டது. ஆயினும் மறுநாளே மருத்துவரிடம் சென்றேன். சிறுநீர்ப்பைக்குள், வலது சிறுநீரகத்தின் குழாய் திறக்கும் வாயருகே புற்றுக்கட்டி இருந்தது.

அந்தச் சிறிய வாயைத் தவிர அச்சிறுநீரகத்தின் நீர் இறங்க வேறு வழியில்லை. வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வெளியேறும் வழியாகவே கருவியைச் செலுத்தி, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் கட்டியை வெட்டியெடுத்தார்கள். கட்டியில் மிச்சம் வைக்கலாகாது. வாயைச் சுட்டுவிடவும் கூடாது. தழும்பு வாயைச் சுருக்கினால், நீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். ஆகவே இரத்தத்தை நிறுத்தச் சுடுவதை அவ்விடத்தில் தவிர்த்து, குழாயினுள் ஸ்டென்ட் வைத்தார்கள். எதை அகற்றுவது, எதைக் காப்பது என்று பகுத்தறியும் கைகளுக்காக அன்று ஜெபித்தேன்.

இந்நோய் திரும்பிவரும் இயல்புடையது. எனவே 3 மாதத்தில் மீண்டும் உள்நோக்கிப் பார்ப்பார்கள். நான் தவறாமல் செல்வேன்.

அன்பானவர்களே, வெட்கத்தினால் எதையும் மறைக்காதிருங்கள். இரத்தம் ஒரே முறை வந்து நின்றாலும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். புகைபிடிப்பவர்கள் இன்றே விட்டுவிடுங்கள்; இந்நோய்க்கு முதன்மைக் காரணம் அதுவே. வலி வரட்டும் என்று காத்திராதிருங்கள்.