வரப்பு வரைக்கும் ஒரு கிளட்ச்

முதல் நாள், பிற்பகல் 3 மணி

ஆட்டையாம்பட்டிப் பக்கம், திருமணிமுத்தாற்றுப் பாசன நிலம். தை மாத அறுப்பு. வயலின் ஈர மூலைக்குள் இறங்கியதும் அறுவடை வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் இரைகிறது, கியர் விழுகிறது, சக்கரம் மட்டும் அசையவில்லை. தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது.

"அண்ணா, கிளட்ச்சு போயிருச்சு," என்றான் உதவியாள். ஓட்டுநர் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வயல்காரர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் திரண்டிருந்தது.

மாலை 4 மணி

எஞ்சின் விசையில் சுழலும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே இறுக்கிப் பிடிக்கப்படுவதுதான் கிளட்ச் பிளேட். அதன் இருபுறமும் ரிவெட் அடித்த லைனிங் இருக்கும். லைனிங் தேயத் தேயப் பெடலின் தளர்வு குறைந்துகொண்டே வரும். தளர்வு முழுக்கப் போய்விட்டால், காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தியபடியே இருக்கும். பிடி நழுவும், சூடேறும், அந்தச் சூடே மிச்ச லைனிங்கையும் தின்றுவிடும்.

ஓட்டுநர் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். தளர்வே இல்லை.

முதல் வேலையாகப் பளுவைக் குறைத்தார்கள். வண்டியை நியூட்ரலில் வைத்து, தொட்டியில் இருந்த நெல்லை டிராக்டர் டிரெய்லரில் கொட்டினார்கள். பிறகு அரை மணி நேரம் ஆறவிட்டார்கள். ஓட்டுநர் கிளட்ச் கம்பியின் லாக் நட்டைத் தளர்த்தி, பெடலில் ஓர் அங்குலம் போலத் தளர்வு வரும்படி திருப்பி இறுக்கினார். முதல் கியர். அரைக் கிளட்ச்சில் காலை வைக்காமல், ஒரே சீராக ஓட்டினார். வண்டி வரப்பேறிவிட்டது.

தேய்ந்த லைனிங்கில் இந்தத் திருப்பு நெடுநேரம் நிற்காது. வரப்பு வரைக்கும்தான் அதற்குக் கணக்கு.

இரண்டாம் நாள், காலை

லாரித் தொழிலுக்குப் பேர்போனது நாமக்கல், போர்வெல் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு. இந்த வட்டாரத்தில் கிளட்ச் லைனிங் அடிக்கிறவரைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. கூட்டைக் கழற்றிப் பிளேட்டை எடுத்தபோது, ரிவெட் தலைகள் லைனிங்கின் மட்டத்துக்கு வந்திருந்தன. தூசியை ஓட்டுநர் ஊதவில்லை, ஈரத் துணியால் துடைத்தார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்கு நஞ்சு.

ஆயில் சீலையும் பார்த்தார். அது கசிந்தால், எண்ணெய் பட்ட லைனிங்கைப் பெட்ரோலில் கழுவினாலும் சிறிது நேரம் பிடித்துவிட்டு மறுபடி நழுவும்.

இதற்கிடையே வயல்காரர் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார். பயிரை உள்ளே தள்ளும் முன்மேசை ஆகரின் சேஃப்டி கிளட்ச் நேற்றெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "ஏனுங்க தம்பி, அதை ஒரு வெல்டிங் வெச்சு ஒட்டிட்டா என்னங்க?"

ஓட்டுநர் அழுத்தமாக மறுத்தார். வைக்கோல் அடைத்துக்கொள்ளும்போது நழுவுவதற்கென்றே செய்த கிளட்ச் அது. நழுவுகிற இடத்தை ஒட்டிவிட்டால் அந்த விசை செயினையோ ஷாஃப்டையோ முறிக்கும். ஷியர் போல்ட் அறுந்த இடத்தில் கெட்டியான போல்ட்டைப் போடுவதும் இதே தவறு. சேஃப்டி கிளட்ச்சின் பற்களைச் சுத்தம் செய்து, ஸ்பிரிங்கைக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்ததோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள்

புது லைனிங்கோடு பிளேட் ஏறியது. நேற்று முன்தினம் திருப்பிய நட்டை அவர் அப்படியே விடவில்லை. புது லைனிங்கின் தடிப்புக்கு ஏற்பத் தளர்வை மறுபடி அளந்து வைத்து, தேதியை வண்டி நோட்டில் எழுதினார்.

வயலுக்குத் திரும்பியபோது அந்த ஈர மூலையில் பயிர் இல்லை. வயல்காரர் ஆட்களைவிட்டு அரிவாளால் அறுத்து, கதிர்க்கட்டுகளை வரப்பில் அடுக்கியிருந்தார்.